போட்டோ எடிட்டிங்குக்கு லேப்டாப்பா? முதல்ல ஸ்கிரீனைப் பாருங்க!

கல்யாணத்தில் கட்டியது அரக்குப் பட்டு. ஆல்பத்தில் பளீர் சிவப்பு! தப்பு கேமராவில் இல்லாமல், எடிட் செய்த லேப்டாப்பின் திரையில் இருக்கலாம். விலை குறைந்த திரைகளில் சிவப்பு மங்கலாகத் தெரியும். எடிட் செய்பவர் நிறத்தைக் கூட்டிவிடுவார். பிரின்ட்டில் அது கண்ணைக் குத்தும்.

கடையில் எல்லோரும் பிராசஸரைத்தான் விசாரிக்கிறார்கள். விவரப் பட்டியலில் ‘45% என்.டி.எஸ்.சி’ என்றிருந்தால் அந்த மாடலே வேண்டாம். ‘100% எஸ்.ஆர்.ஜி.பி’ என்றிருந்தால் நம்பிப் பார்க்கலாம். ‘72% என்.டி.எஸ்.சி’ என்பதும் ஏறக்குறைய அதேதான்.

ரேம் 16 ஜி.பி. இருக்கட்டும். மேக்புக் ஏர் உட்பட மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் பிறகு கூட்ட முடியாது. ஸ்டோரேஜ் குறைந்தால் பரவாயில்லை, வெளியே எஸ்.எஸ்.டி. மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்கென்று தனி டெஸ்க்டாப் வாங்குவது வீண் செலவு. 24 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டரை இதே லேப்டாப்பில் இணைத்தால் போதும். வெளியூருக்குத் தூக்கிப்போக, எடை ஒன்றரை கிலோவைத் தாண்டாமல் இருந்தால் தோள் தப்பிக்கும்.

ரயிலில் ஜன்னலோர வெளிச்சத்தில் நிறம் திருத்த வேண்டாம், கண் ஏமாறும். அங்கே நல்ல படங்களைப் பொறுக்குவதோடு சரி. லேப்டாப்பில் ஒன்று, எஸ்.எஸ்.டி.யில் ஒன்று என இரண்டு காப்பி எடுத்த பிறகே மெமரி கார்டை அழிக்கலாம்.