கித்துல்கலைக் குகையும் முதற்குடி வாதமும்

யட்டியாந்தோட்டையிலிருந்து அட்டன் நோக்கிச் செல்லும் வீதியில், களனி கங்கையை அண்டியுள்ள சிற்றூர் கித்துல்கல. அதன் மலைச்சரிவில் அமைந்த பெலிலென இலங்கையின் தொல்வரலாற்றில் சிறப்பிடம் பெறுவது. இது நிலத்தினுள் நீண்டு செல்லும் குகையன்று. துருத்தி நிற்கும் பாறையே கூரையான இயற்கை உறைவிடம். மழை மிகுந்த ஈரவலயத்தில் உலர்ந்த தரையே வாழ்வின் முதற்றேவை எனலாம்.

தொல்பொருளியல் திணைக்களத்தின் சார்பில் சிரான் தெரணியகலவும் விஜேபாலவும் 1978 முதல் இங்கு அகழாய்வு நிகழ்த்தினர். காபன்–14 கணிப்பின்படி, 30,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இங்கு வாழ்ந்தனர். பிறை, முக்கோணம் முதலிய வடிவங்களில் செதுக்கிய நுண்கற்கருவிகளை அவர்கள் பயன்படுத்தினர். ஐரோப்பாவில் இத்தகைய கருவிகள் பரவியது பல்லாயிரம் ஆண்டுகள் பிந்தியே. காட்டு ஈரப்பலா, காட்டு வாழை, கெக்குனக் கொட்டை, நத்தை ஆகியன அவர்தம் உணவில் இடம்பெற்றன. கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவரப்பட்டமைக்கும் சான்றுண்டு. எனவே அவர்களை உலகறியாது காட்டினுள் ஒடுங்கியோர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மழைக்காடு ஆதிமனிதனுக்கு வாழத்தகாத இடம் என்ற பழைய கருத்தையும் இத்தகைய இலங்கைக் குகைகளே தளர்த்தின.

இங்கு கிடைத்த மனித எச்சங்கள் ‘பலாங்கொடை மனிதன்’ என வழங்கும் மக்களுடையவை. அவர்கள் பேசிய மொழி யாது என்பதை எலும்புகள் கூறா. சிங்களம், தமிழ் என நாம் இன்று அறியும் அடையாளங்களை அவர்கள்மேல் ஏற்றிக் காண்பது ஆய்வு நெறியாகாது.

இவ்வுண்மை தோட்டப்புற மக்களுக்கு வெறும் ஏட்டுச்செய்தியன்று. காட்டை அழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் இறப்பரும் நட்ட உழைப்பு அவர்களது. எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் உழைப்பை நோக்கவில்லை. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அவ்வாறு நாடற்றோரானோருள் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

மூன்று தலைமுறைக்கு ஆவணம் கேட்ட அச்சட்டத்தினருகே, முப்பதினாயிரம் ஆண்டுப் படிவுகளை வைத்து நோக்குவோம். முதலில் வந்தோர்க்கே மண் உரியதெனின், இன்று அவ்வுரிமையைத் தமக்கு மட்டுமே உரியதாகக் கோரத்தக்க இனம் இத்தீவில் எதுவுமில்லை. பழைமை ஆராய்ச்சிக்குரியது, உரிமையோ இன்று வாழ்ந்து உழைக்கும் மனிதருக்குரியது. இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே தொல்பொருளியலுக்கும் நீதிக்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.