தொழிற்பேட்டையிலிருந்து ஆழ்கடல் வண்டல் வரை

பொம்மசந்திரா கடற்கரை ஊரன்று. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த தொழிற்பேட்டை அது. மருந்துகள், இயந்திர உறுப்புகள், இரசாயனப் பொருள்கள் எனப் பலவும் அங்கே உற்பத்தியாகின்றன. 2025 ஆகஸ்டு முதல் பெங்களூர் மெட்ரோ இரயிலின் மஞ்சள் வழித்தடம் அங்கு சென்று முடிகிறது. மிக அண்மையிலுள்ள வங்கக் கடலோ நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் இவ்விரண்டையும் ஒரு சரிவு இணைக்கிறது. சரிவில் நீர் இறங்குகிறது. நீரோடு மண் இறங்குகிறது. மண்ணைப் பற்றிக்கொண்டு கழிவும் இறங்குகிறது. அது எவ்வாறு ஆழ்கடலின் அடித்தரை வரை செல்கிறது என்பதையும், அதன் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதையும் ஆராய்வது பயனுள்ளதாகும்.

ஏரிச் சங்கிலி

ஆனேக்கல் வட்டத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஒன்றின் மறுகால் நீர் அடுத்ததற்குச் செல்லுமாறு முன்னோர் அமைத்த சங்கிலி அது. சந்தாபுரா ஏரி நிரம்பினால் நீர் முத்தநல்லூர் ஏரியை நோக்கிச் செல்லும். அங்கிருந்து மேலும் இறங்கித் தென்பெண்ணையைச் சேரும். பாசனத்திற்கென வகுத்த இந்த ஒழுங்கு, பிற்காலத்தில் வீட்டுக் கழிவுநீருக்கும் ஆலைக் கழிவுநீருக்கும் வசதியான வழியாகிவிட்டது. சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியமைக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஓர் ஏரியின் பொருட்டு இத்துணைப் பெருந்தொகை என்பது, நேர்ந்த சேதத்தின் அளவைக் காட்டுகிறது.

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கும் படங்கள் நாளேடுகளில் அடிக்கடி வெளிவருகின்றன. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே செய்தியாகிறது. கண்ணுக்குத் தெரியாமல் அதனடியில் நகர்வது வண்டல். நமது கட்டுரைக்கு அதுவே முக்கியம்.

களிமண் துகள் ஒன்றின் குறுக்களவு 2 மைக்ரானுக்கும் குறைவு. துகள் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு நேர் மேற்பரப்பு பெருகும். ஒரு கிராம் களிமண்ணின் துகள்களுடைய மேற்பரப்பைக் கூட்டினால் பல சதுர மீட்டர் வரும். துத்தநாகம், குரோமியம், ஈயம், செம்பு போன்ற உலோகங்கள் இப்பரப்பில் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களும் சில பூச்சிக்கொல்லிகளும் நீரில் கரைய விரும்புவதில்லை. அவை மண்ணிலுள்ள மக்கிய கரிமப் பொருளை நாடுகின்றன. எனவே ஆற்று நீரைக் குப்பியில் எடுத்துப் பகுத்தாய்ந்து, உலோகத்தின் அளவு குறைந்துள்ளது எனக் கண்டு மகிழ்வதற்கு முன் ஒரு வினா எழுப்பவேண்டும்: அது மறைந்ததா, சேற்றுக்கு இடம் மாறியதா? பெரும்பாலும் இடம் மாறியிருக்கிறது என்பதே விடை.

கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளில் நீரின் வேகம் தணிவதால் வண்டல் தங்குகிறது. ஆனால் அது நிரந்தர இருப்பு அன்று. 2024 டிசம்பர் 2ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தாழ்நிலங்கள் மூழ்கின. வீடுகளிலும் வயல்களிலும் சேறு படிந்தது. இத்தகைய ஒரு வெள்ளம், சாதாரண ஆண்டுகள் பலவற்றில் நகராத மண்ணை ஓரிரு நாட்களில் நகர்த்திவிடும். ஆண்டுச் சராசரி என்னும் நமக்குப் பழக்கமான கணக்கு இங்கே அதிகம் உதவாது.

கழிமுகத்திற்கு அப்பால்

கடலூருக்கருகே நன்னீர் உப்புநீருடன் கலக்கும்போது, களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகி விரைவில் படிகின்றன. ஆற்று வண்டலின் பெரும்பகுதி கழிமுகத்திலும் கரையோரத் திட்டிலும் நின்றுவிடுவது இதனாலேயே. ஆழ்கடலுக்குச் செல்வது எஞ்சிய பங்கு மட்டுமே என்பதையும் கூறியாக வேண்டும்.

அந்தப் பங்கு செல்லும் பாதைதான் வியப்புக்குரியது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அப்பால், கரையோரத் திட்டின் விளிம்பைப் பிளந்துகொண்டு கடலடிப் பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. அவற்றின் தலைப்பில் குவியும் சேறு, புயலாலோ நிலநடுக்கத்தாலோ தன் சொந்தப் பாரத்தாலோ நிலைகுலைந்தால், நீரும் மண்ணும் கலந்த கனத்த கலங்கல் நீரோட்டமாகச் சரிவில் பாயும். 1929 நவம்பர் 18ஆம் நாள் வட அட்லாண்டிக்கில் கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபின், கடலடித் தந்திக் கம்பிகள் 12 அறுந்தன. அருகிலிருந்தவை உடனே அறுந்தன. தொலைவிலிருந்தவை பல மணி நேரம் கழித்து, ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அவ்வரிசையைக் கொண்டு, கம்பிகளை அறுத்தது சேற்றோட்டமே என 1952இல் ஹீசன், யூயிங் என்னும் அமெரிக்க அறிஞர்கள் விளக்கினர். ஆழ்கடல் அசைவற்றது என்னும் கருத்து அத்துடன் தளர்ந்தது.

வங்கக் கடலின் அடித்தரையே இவ்வாறு உருவானதுதான். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அவ்வண்டல் யுகயுகமாகப் பரவி, சுமார் 3,000 கிலோமீட்டர் நீளமுள்ள வங்காள விசிறியாகப் படிந்துள்ளது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி இதுவே. இமயத்தின் மண் இலங்கைக்கும் தெற்கே சென்று படிந்திருக்கும்போது, அம்மண்ணைப் பற்றிய கழிவு மட்டும் கரையில் நின்றுவிடும் என எதிர்பார்க்க இயலாது.

மேலிருந்து விழும் பனி

சரிவின் வழி செல்வது ஒரு வகை. மேலிருந்து நேரே விழுவது மற்றொன்று. ஒரு மைக்ரான் அளவுள்ள தனித் துகள் தானாக 4,000 மீட்டர் இறங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் நீரோட்டம் அதை எங்கெங்கோ கொண்டுபோகும். ஆனால் நுண்ணுயிர் மிதவைகள் அத்துகளை உணவுடன் விழுங்கி எச்சமாக வெளியேற்றினால், அவ்வெச்ச உருண்டை நாளொன்றுக்கு நூறு மீட்டர் அளவில் இறங்கும். ஒன்றிரண்டு மாதங்களில் அடித்தரையை அடையும். இறந்த மிதவைகளும் எச்சங்களும் பிசின்களும் சேர்ந்து ஓயாது விழும் இத்திரள்களைக் 'கடற்பனி' என்பர். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்கத் தூசி மத்தியதரைக் கடலில் விழுந்தபோது, சில நாட்களிலேயே அது 200 மீட்டர் ஆழத்தில் வைக்கப்பட்டிருந்த வண்டல் பொறியில் காணப்பட்டது. மிதவைகளின் எச்சமே அதைச் சுமந்து சென்றிருந்தது.

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 1987 முதல் வங்கக் கடலில் இத்தகைய பொறிகளை இறக்கியது. ஆறுகள் கொணரும் கனிமத் துகள்கள் கடற்பனியைக் கனமாக்கி, அதன் வீழ்ச்சியை விரைவாக்குகின்றன என அவ்வாய்வு காட்டிற்று. ஆற்று மண் கழிவைச் சுமப்பதோடு நில்லாமல், பிற கழிவை ஆழத்திற்கு இழுக்கும் எடைக்கல்லாகவும் பயன்படுகிறது.

காற்றும் ஒரு வழி. வடகிழக்குப் பருவக்காற்று துணைக்கண்டத்தின் புகையையும் தூசியையும் கடல்மேல் பரப்புவதை 1999இல் நடந்த 'இண்டோயெக்ஸ்' ஆய்வு பதிவு செய்தது. பெட்ரோலில் கலந்த ஈயம் உலகெங்கும் கடலை அடைந்தது காற்றின் வழியாகவே. இந்தியா 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியது. முன்னர் படிந்த ஈயம் வண்டலில் அப்படியே உள்ளது.

மேற்கண்டவை ஊகங்கள் அல்ல. 1998இல் மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பை காணப்பட்டது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அட்லாண்டிக், மத்தியதரை, இந்தியப் பெருங்கடல்களின் ஆழ் வண்டல்களில் நுண் பிளாஸ்டிக் இழைகளைக் கண்டது. பல நாடுகளில் முன்பே தடை செய்யப்பட்ட பி.சி.பி. என்னும் மின்மாற்றி எண்ணெய்ப் பொருள்கள், பசிபிக் அகழிகளில் வாழும் சிற்றுயிர்களின் உடலில் இருந்ததை 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று அறிவித்தது.

யார் கணக்கு?

பொருளாதாரத்தில் இதனைப் புறச்செலவு என்பர். ஆலையின் பேரேட்டில் வராத செலவு முத்தநல்லூர் உழவர் கணக்கிலோ, ஓசூர்ப் பாசனக்காரர் கணக்கிலோ, கடலூர் மீனவர் கணக்கிலோ ஏறும். கடலடிக்கு எவர் பெயரிலும் கணக்கில்லை. மாசு செய்தவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டை 1996இல், வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. ஆனால் கோட்பாடு செயல்பட, மாசு அளக்கப்படவேண்டும். 3,000 மீட்டர் ஆழத்தில் படிந்ததை அகற்றும் தொழில்நுட்பம் எந்நாட்டிடமும் இல்லை. தொழிற்பேட்டையில் அதே உலோகத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடாகப் பிரித்தெடுப்பது ஒப்பிட முடியாத அளவுக்கு மலிவு. இது அறிந்தும் நிலையங்களை முழுத்திறனில் இயக்கத் தயங்குவது, இயக்கும் செலவு இன்றே தெரிவதாலும் சேதத்தின் செலவு தொலைவில் இருப்பதாலும்தான் என்பது என் கருத்து.

2021இல் மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. 6,000 மீட்டர் ஆழம் செல்லவல்ல 'மத்ஸ்யா 6000' கலத்தைச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. கனிமங்களைத் தேடும் இம்முயற்சியில் கிடைக்கும் வண்டல் மாதிரிகளிலேயே மாசின் அளவையும் பதிவு செய்வது பெரும் கூடுதல் செலவன்று.

இதனினும் அவசரமானது கரையில் உள்ளது. தமிழ்நாட்டில் ஏரி வண்டலை உழவர் தம் நிலத்திற்கு இலவசமாக எடுத்துச் செல்ல அரசு அனுமதிக்கிறது. நல்ல உரமாகும் மண் அது. ஆனால் தொழிற்பேட்டைகளுக்குக் கீழுள்ள ஏரிகளிலும் அணைகளிலும் தூர்வாரும்போது, அம்மண் வயலுக்குச் செல்லும் முன் குரோமியம், ஈயம், துத்தநாகம் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படவேண்டும். தகுதியானது வயலுக்குச் செல்லலாம். தகாதது வெள்ளத்தில் மீண்டும் ஆற்றுக்குள் இறங்கும்படி கரையிலேயே கொட்டப்படாமல், அபாயக் கழிவுகளுக்கென அமைந்த பாதுகாப்பான நிலநிரப்புத் தலத்திற்குச் செல்லவேண்டும். அதற்கான செலவைத் தூர்வாரும் மதிப்பீட்டிலேயே சேர்க்கலாம்.