உங்களுக்குத் தெரியுமா? 530 ஆண்டுகள் காத்திருந்த மறுப்பு

கிறிஸ்தவர் அல்லாத மக்கள் வாழும் நிலம், அதைக் 'கண்டுபிடித்த' ஐரோப்பிய அரசுக்கே சொந்தம் என்ற கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக நிராகரித்தது 2023 மார்ச் 30-இல்தான்! அதற்கு வேராக இருந்த போப்பாண்டவர் ஆணைகளில் ஒன்று வெளியான ஆண்டு 1493.

• பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1823-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சட்டக் கோட்பாடாக்கியது. 2005-இலும் ஒனைடா பூர்வகுடி மக்களின் நில வழக்கில், அவர்களுக்கு எதிரான தீர்ப்பின் அடிக்குறிப்பில் இது தலைகாட்டியது. நீதியின் பெயரால், அதுவும் நம் காலத்தில்!

• வத்திக்கானுக்கு முன்பே மறுத்தவர்கள்: 2009-இல் அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபை, 2012-இல் உலகத் திருச்சபைகள் மன்றம். அதே 2012-இல் பூர்வகுடிகளுக்கான ஐ.நா. நிரந்தர மன்றமும் இதையே சிறப்புப் பொருளாக விவாதித்தது.

• இந்த மறுப்புகளுக்கெல்லாம் உந்துவிசை பூர்வகுடிகளே. 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் திருப்பலி நிறைவேற்றியபோது, கோட்பாட்டை ரத்து செய்யக் கோரும் பதாகையை பீடத்தின் அருகிலேயே விரித்துப் பிடித்தார்கள்.

• கோட்பாடு மறுக்கப்பட்டதே தவிர, பழைய ஆணைகள் முறைப்படி ரத்தாகவில்லை. அவற்றை ரத்து செய்யும் கோரிக்கை இன்றும் நியாயமானதே.