செந்நாய் வேறு, செல்ல நாய் வேறு!

பழனி மலைக் காடுகளில் வாழும் செந்நாய்கள், கூட்டமாகச் சேர்ந்து மானை வேட்டையாடி, பச்சையாகவே தின்னும். 'அப்படியானால் நம் வீட்டு நாய்க்கும் பச்சைக் கறிதானே நல்லது?' என்று கேட்கிறீர்களா? சிலர் அப்படித்தான் கொடுக்கின்றனர்.

ஆனால், வீட்டு நாயின் கதை வேறு. ஓநாயிலிருந்து வந்த அது, பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, நம் சோற்றுக்கும் பழகிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு, ஓநாயிடம் 2 பிரதிகளே உண்டு. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதை, 2013-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

பச்சைக் கறியில், 'சால்மோனெல்லா' போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய் துள்ளி விளையாடும்; ஆனால், அதன் எச்சில், கழிவு வழியாகக் கிருமி உங்கள் கைக்கு வந்துவிடும். கொடைக்கானல் குளிரோ, பிரிட்ஜோ கிருமியைக் கொல்லாது. நன்றாக வேகவைத்தால்தான் சாகும்.

எனவே, உப்பு, காரம், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கறியைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். வெந்த எலும்பு வேண்டாம்; கூராக உடைந்து குடலைக் குத்தும். வளரும் குட்டிக்கு இது மட்டும் போதாது. வேறென்ன தரலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

நாயின் தட்டைத் தொட்டீர்களா? முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிறகு உங்கள் தட்டில் கை வையுங்கள்!