ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

பழைய காருக்கு உயிர் என்ஜினில் இல்லை, பிரேக்கில் இருக்கிறது!

பழைய அம்பாசிடர் காருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. பம்பர் பளபளவென்று மின்னுகிறது. சீட்டுக்குப் புது உறை போட்டாகிவிட்டது. பிள்ளைகள் காரின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் சரி. அந்தக் கார் நிற்குமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஆனால் பலர் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

என்ஜின் கெட்டால் கார் வழியில் நின்றுவிடும். போவது நேரம். பிரேக் கெட்டால் நிற்கவேண்டிய இடத்தில் கார் நிற்காது. போவது உயிர்!

57 ஆண்டு ஓடிய கார்

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்யப்பட்டது அம்பாசிடர். மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில் 1957-ல் தொடங்கிய உற்பத்தி 2014-ல் நின்றது. மந்திரிகள் போன கார் அது. டாக்சியாக ஓடிய காரும் அதுதான். கல்யாண ஊர்வலத்துக்கும் அதுவே வந்தது.

உற்பத்தி நின்றாலும், ஆசையோடு அதை வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பிரீமியர் பத்மினி, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களையும் அப்படிப் பேணி வைத்திருக்கிறார்கள்.

வெளித் தகரம் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக்குக்கு உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மிதித்தால் என்ன நடக்கிறது?

காலால் மிதிக்கும் பெடல், மாஸ்டர் சிலிண்டர் என்ற சிறிய உருளையில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அதில் பிரேக் ஆயில் நிறைந்திருக்கிறது. பிஸ்டன் தள்ளியதும் அந்த அழுத்தம் மெல்லிய குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது.

ஒவ்வொரு சக்கரத்திலும் வீல் சிலிண்டர் இருக்கிறது. அது இரண்டு பிரேக் ஷூக்களை விரிக்கிறது. ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங், சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்மின் உட்புறத்தில் உரசுகிறது. சக்கரம் நிற்கிறது.

அடைத்து வைத்த திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் பரவும். பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை இது. அவர் இறந்தது 1662-ல். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார், நான்கு சக்கரத்துக்கும் இந்த முறையில் பிரேக் போட்டு வெளிவந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டரில் நிற்கும் கார், 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 40 மீட்டர் வேண்டும்!

ஒரு குழாய் உடைந்தால்...

ஆரம்ப கால அம்பாசிடர் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே வழிதான். எங்கேயாவது ஒரு குழாய் உடைந்தாலும், ஒரு ரப்பர் கிழிந்தாலும், ஆயில் வெளியே ஓடிவிடும். நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்!

இதற்காகத்தான் பின்னால் இரட்டை வழி வந்தது. ஒரு வழி கெட்டாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்காவில் 1968 முதல், விற்பனைக்கு வரும் புதுக் கார்களுக்கு இது கட்டாயம் ஆக்கப்பட்டது.

ஒற்றை வழிக் காரில் ஆபத்துக்கு உதவுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். அது ஆயிலை நம்பி இல்லை. கம்பி வழியாகப் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. ஆகவே பழைய காரில் ஹேண்ட் பிரேக்கை அலட்சியம் செய்யக்கூடாது. அது நிறுத்தி வைக்க மட்டும் அல்ல. உயிர் காக்கவும்தான்.

பெயர்தான் ஆயில்!

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் அல்ல. என்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் உறவே கிடையாது.

அவசரத்துக்கு என்று பிரேக்கில் என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் உப்பிவிடும். பிறகு எல்லா ரப்பரையும் மாற்றியே ஆகவேண்டும். அதற்குள் பிரேக் கைவிட்டுவிடும்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் இரண்டு கேடு. சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.

டாட் 3 என்ற வகைப் புது ஆயில், குறைந்தது 205 டிகிரி வெப்பம் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரிதான்!

கொதித்தால் என்ன? ஆயிலுக்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அழுத்தினால் அமுங்கிவிடும். பெடல் தரை வரை போகும். பிரேக் பிடிக்காது.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது முழுக்க முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சுடும். லைனிங்கின் பிடிப்பு குறையும். ஆயில் கொதிக்கும்.

எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது, பத்துக் காசுக்கு உயிரைப் பணயம் வைப்பதாகும்.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுவதும் மாற்ற வேண்டும். திறந்து பல மாதம் கிடந்த டின்னில் இருப்பதை ஊற்றக்கூடாது. ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஓடாத காருக்கும் நோய்

"கார் ஷெட்டில்தானே நிற்கிறது, அதற்கு என்ன ஆகப்போகிறது?" என்று நினைப்பது தவறு.

நிற்கும் காரில் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி இறுகிப்போகும். ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டபடி பல மாதம் நின்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

பல ஆண்டு நின்ற காரை, பெட்ரோல் ஊற்றி, பாட்டரி மாட்டி அப்படியே ரோட்டில் இறக்குவது ஆபத்து. முதலில் நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தூசியில் இருக்கும் எமன்

டிரம்மைக் கழற்றினால் உள்ளே கருப்புத் தூசி இருக்கும். அதை வாயால் ஊதுகிறார்கள். காற்றுக் குழாயால் அடிக்கிறார்கள். கூடவே கூடாது!

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. நுரையீரல் புற்றுநோய் போன்ற கொடிய நோய்கள் 20, 30 ஆண்டு கழித்துக்கூட வரலாம். பட்டறையில் வேலை கற்கும் இளைஞனுக்கு இன்று ஒன்றும் தெரியாது. பிள்ளை குட்டி பெற்ற பிறகு தெரியும்.

ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வேலை செய்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக்கூடாது. புது லைனிங் வாங்கும்போது கல்நார் இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

குலுக்கலுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. தரையைத் தொடும் சக்கரத்தைத்தான் பிரேக் நிறுத்த முடியும். ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் சக்கரம் பள்ளத்தில் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்?

அம்பாசிடரின் முன்புறம் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்கிக்கொடுக்கும் நீண்ட இரும்புத் தண்டுதான் ஸ்பிரிங். அதை இடம் மாற்றி, வலதை இடதில் போடக்கூடாது. ஒரு பக்கம் முறுக்கிப் பழகிய இரும்பு, எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஒடிந்துவிடும்.

பின்புறம் இருப்பது பட்டை ஸ்பிரிங். பாரம் தாங்க வேண்டும் என்று கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பார்கள். பாரம் ஏற்றும்போது சரிதான். பாரம் இல்லாதபோது பின்புறம் தூக்கி நிற்கும், குதிக்கும். குடும்பத்தோடு போகும் காருக்கு அது வேண்டாம். வெடித்த பட்டையை மாற்றினால் போதும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை வேறு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைப் போல அதன் பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும். வேகமாக வளைந்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் இதை விட்டுவிட்டு, சாதாரண ஒற்றை ஆக்சிலே போட்டார்கள்.

ஹெரால்டின் முன் சக்கரம் திரும்பும் இடத்தில் மரையிட்ட மூட்டு ஒன்று உண்டு. அதற்கு கிரீஸ் கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாகப் போகாது. உள்ளே துருப்பிடித்து, ஒருநாள் மூட்டு ஒடிந்து, சக்கரமே மடங்கிவிடும். சில சொட்டு ஆயிலில் இருக்கிறது விஷயம்!

டிஸ்க் பிரேக் போடலாமா?

1953-ல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. அதன் பிறகு டிஸ்க் பிரேக்கின் புகழ் பரவியது. தட்டு வெளிக்காற்றில் சுற்றுவதால் சூடு சீக்கிரம் ஆறும். பழைய காருக்கும் அதைப் போட ஆசை வருவது இயற்கை.

போடலாம். ஆனால் பாதி வேலை செய்யக்கூடாது.

டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். டிரம் பிரேக்குக்கு உரிய பழைய மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு இருக்கும். அதிலேயே டிஸ்க்கை இணைத்தால் பிரேக் எப்போதும் உரசிச் சூடேறும். முன்னும் பின்னும் பிடிக்கும் அளவும் பொருந்த வேண்டும். பின் சக்கரம் முந்திப் பிடித்தால் கார் சுற்றிவிடும்.

கைக்குக் கிடைத்ததை மாட்டிய டிஸ்க்கைவிட, ஒழுங்காக வைத்த பழைய டிரம் எவ்வளவோ மேல். ஒற்றை வழியை இரட்டை வழியாக மாற்றுவதுதான் செலவுக்கு ஏற்ற முதல் மாற்றம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியை இஷ்டம்போல மாற்றத் தடை விதிக்கிறது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்காக 2021-ல் வந்த விதியும், பாடியையும் என்ஜினையும் பெரிதாக மாற்றாத காருக்குத்தான் தனிச் சலுகை தருகிறது. எதைச் செய்வதானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

வீட்டிலேயே பார்க்கலாம்

மெக்கானிக்கிடம் போகுமுன் வீட்டில் இருப்பவர்களே பார்க்கக்கூடியவை இவை:

பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. காற்றை எடுக்க வேண்டும்.

காலை வைத்து அழுத்தியபடி இருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. காரை எடுக்கவே கூடாது.

ஒரு மிதிக்குப் பிடிக்காமல் இரண்டாவது மிதிக்குப் பிடித்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

கார் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தில் சிலிண்டர் இறுகியிருக்கலாம். லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம்.

டயரின் உட்புறம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

காரின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விட்டால், அது எழும்பி உடனே அடங்க வேண்டும். தொட்டில் போல ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

பழைய காரைப் பேணுவது நல்ல ஆசைதான். தாத்தா ஓட்டிய காரில் பேரன் போவது பெருமைதான். ஆனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு ரப்பருக்கும் குழாய்க்கும் லைனிங்குக்கும் போகட்டும். மிச்சம் இருந்தால் பெயிண்டுக்குப் போகட்டும்.

காரின் அழகைப் பார்த்து ஊர் மெச்சும். ஆனால் உள்ளே உட்கார்ந்து போகிறவர்கள் பிள்ளை குட்டிகள் அல்லவா?