குடலில் வாழும் கிருமியும் மருந்துக்கு அடங்காத குணமும்

தோட்டத்து வீடுகளாயினும் பட்டணத்து வீடுகளாயினும் நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததும் எஞ்சிய மாத்திரைகளை அலமாரியில் பத்திரப்படுத்துவோம். பின்னொரு நாள் வேறொருவருக்கு உடம்பு சுட்டால், அவற்றில் இரண்டை எடுத்துக் கொடுப்போம். சிக்கனம் என்றெண்ணியே இதனைச் செய்கிறோம். அம்மாத்திரை ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லியாக இருந்தால் குடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்றே காண்போம்.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை 1885ஆம் ஆண்டில் தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர், குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து கண்டறிந்தார். (மாணவர் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது!) அவர் பெயரால் அது எஷெரிக்கியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை எனப்படுகிறது. அதன் இனங்களுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி குடலை அடைந்ததும் இவற்றுள் பல மடிகின்றன. ஆயினும் கோடிக்கணக்கானவற்றுள் ஏதோ ஒன்று, தற்செயலாக அம்மருந்துக்கு அடங்காத குணம் பெற்றிருக்கலாம். மற்றவை மடிந்த இடமும் உணவும் அதற்கே கிடைக்கின்றன. வாய்ப்பான சூழலில் ஈ. கோலை 20 நிமிடங்களில் இரண்டாகும்.

இதனினும் வியப்பான செய்தி ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே சீதபேதிக்குச் சல்ஃபா மருந்துகள் பெருமளவில் வழங்கப்பட்டன; சில ஆண்டுகளில் அவை பலன் குன்றின. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் ஆகியவை வந்தன. 1950களின் நடுவிலேயே இந்நான்குக்கும் ஒருசேர அடங்காத ஷிகெல்லா என்னும் சீதபேதிக் கிருமி தோன்றியது. நான்கு குணங்களையும் அது எங்ஙனம் ஒரே சமயத்தில் பெற்றது? நோயாளிகளின் குடலிலிருந்த ஈ. கோலையைச் சோதித்தபோது அதுவும் அதே மருந்துகளுக்கு அடங்கவில்லை. இக்கிருமிகள் ஒன்றையொன்று தொட்டு அக்குணத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன என்பதை 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். குணத்தைச் சுமந்து செல்வது பிளாஸ்மிட் என்னும் சிறு மரபு வளையம். ஒரு மாணவன் தன் குறிப்பேட்டை நகலெடுத்து அடுத்தவனுக்குக் கொடுப்பது போன்றது இது. கொடுத்தவனிடமும் குறிப்பேடு இருக்கும். ஆக, தீங்கற்ற கிருமியிடம் சேர்ந்த குணம் தீய கிருமிக்கும் போய்ச் சேர்கிறது.

சளியையும் ஃபுளூக் காய்ச்சலையும் உண்டாக்குவது வைரஸ். அதனிடம் நுண்ணுயிர்க்கொல்லி செல்லாது. ஆதலால் சளிக்கென்று நாம் விழுங்கும் மாத்திரை சளியை விட்டுவிட்டுக் குடலிலுள்ள ஈ. கோலையையே தாக்குகிறது. அங்கே பிழைத்த அடங்காத கிருமி மாதக்கணக்கில் தங்கலாம். கழிப்பறை சென்றவர் சவர்க்காரமிட்டுக் கை கழுவாமல் சோற்றைத் தொட்டால், வீட்டிலுள்ள ஏனையோரையும் அது அடையும். அம்மருந்தை ஒருநாளும் உண்ணாத கைக்குழந்தைக்கும் இவ்வாறு வரக்கூடும் என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பின்னாளில் அக்குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதையில் ஈ. கோலையால் நோய் கண்டால், மருத்துவர் முதலில் எழுதும் மருந்து பலிக்காமல் போகலாம்.

அலமாரியில் அத்தகைய மாத்திரைகள் இருப்பின் மருத்துவமனையின் மருந்தகத்தில் கொடுத்துவிடலாம். அடுத்த முறை மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி எழுதினால் எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்டறிந்து, அவ்வாறே உண்போம்.