சீமைக் கருவேலை வெட்டிய பிறகு

2022 மார்ச் 7 அன்று, ஆத்தூரை அடுத்த ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளவியைப் பறக்கவிட்டார்கள். எறும்பைவிடச் சிறிய அந்தக் குளவியின் பெயர் அனகைரஸ் லோபெஸி. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தில் அடைத்து வைத்துச் சோதித்த பிறகே அதை இங்கே கொண்டுவந்தார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக் காடுகளை அழித்துக்கொண்டிருந்த மாவுப்பூச்சியை அடக்குவதே அதன் வேலை.

இதே வட்டாரத்தின் ஏரி, ஓடை, ஆற்றுப் புறம்போக்குகளில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதையும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அடுத்த மழைக்கே தழைத்துவிடுகிறது. பூச்சி, மரம் இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. பூச்சிக்கு ஒரு வழி கிடைத்தது. மரத்திடம் மட்டும் ஏன் திரும்பத் திரும்பத் தோற்கிறோம்? இதைப் புரிந்துகொண்டால் பொது நிலத்தை மீட்கும் வழியும் புரியும்.

எது ஆக்கிரமிப்பு?

வெளிநாட்டிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் அல்ல. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். நாம் நட்டால்தான் வளரும். யாரும் நடாமலே பரவி, அங்கே ஏற்கெனவே இருந்த உயிர்களை நெருக்கித் தள்ளுவதையே ஆக்கிரமிப்பு உயிரினம் என்கிறோம். சொந்த மண்ணில் அதைத் தின்னும் பூச்சியும் தாக்கும் நோயும் இருக்கும். வந்த இடத்தில் அவை இல்லை. தடுக்க ஆளில்லாததால் பெருகுகிறது.

மரவள்ளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் உணவான மரவள்ளியைச் சூறையாடியது. அறிவியலாளர்கள் அதன் பிறந்த மண்ணுக்கே போய்த் தேடினார்கள். 1981-ல் பராகுவேயில் இந்தக் குளவி கிடைத்தது. 2020-ல் மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, விரைவிலேயே நம் பக்கமும் வந்துவிட்டது. செடியின் குருத்து சுருண்டு கொத்தாகிவிடும். கணுக்களுக்கு இடையே நீளம் குறைந்து தண்டு குட்டையாகும். இலை இடுக்கில் வெள்ளை மாவு அப்பியிருக்கும். அந்த மெழுகுப் பூச்சின் மேல் மருந்து எளிதில் ஒட்டுவதில்லை. குளவியோ பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று, கூட்டை மட்டும் விட்டுவிட்டு அடுத்த குளவியாக வெளியேறுகிறது.

இந்த வழி பலிப்பதற்குக் காரணங்கள் மூன்று. குளவி இந்த ஒரு பூச்சியைத் தேடியே போகிறது. மாவுப்பூச்சி அழிந்தால் வருந்துவார் யாருமில்லை. காட்டுக்குச் சொந்தக்காரர் தினமும் செடியைப் பார்க்கிறார். சீமைக் கருவேல் விஷயத்தில் இந்த மூன்றுமே இல்லை.

மரம் ஏன் சாவதில்லை?

மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை சீமைக் கருவேலின் தாயகம். 1876-ல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் இதன் விதைகளைக் கேட்டு எழுதினார். 1877-ல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். வறண்ட நிலத்துக்கு விறகு வேண்டும் என்பதே நோக்கம். விறகு கிடைத்தது. கூடவே ஏரிகளும் பறிபோயின.

இதன் பலம் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது விதை. காய் இனிப்பானது, ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டித் தோலுள்ள விதை செரிக்காமல், வயிற்றில் தோல் இளகி, சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கும். முளைக்காதவை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருக்கும். இரண்டாவது, அடிமரம். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர் தொடங்கும் இடத்தில் உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு எழும். மூன்றாவது, வேர். ஆழத்து நீரையும் எட்டிப் பிடிப்பதால் கோடையிலும் வாடாது. இலைச் சருகிலிருந்து கசியும் பொருள்கள் அடியில் வேறு செடி முளைப்பதைக் குறைக்கின்றன.

காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவிடும், நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்ற பேச்சுக்கெல்லாம் அறிவியல் சான்று இல்லை. ஏரி உள்வாயை அடைப்பதும், நீர்வரத்து ஓடையை மறிப்பதும், மேய்ச்சல் நிலத்தைத் தின்பதும் கண்ணெதிரே நடக்கின்றன. அகற்ற அவையே போதிய காரணம்.

பூச்சியை விட்டுப் பார்க்கலாமா?

தென் ஆப்பிரிக்காவில் பார்த்தார்கள். அங்கும் இதன் இன மரங்கள் மக்களுக்குப் பயன்படுவதால், மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் துளைக்கும் வண்டை 1987 முதல் விட்டார்கள். ஆனால் வண்டு துளைப்பதற்கு முன்பே கால்நடைகள் காயைத் தின்று விதையைப் பரப்பிவிட்டன. நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. நம் வன்னி இதன் நெருங்கிய உறவு. கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியைத் தொடாது என்று தீரச் சோதிக்காமல் எந்தப் பூச்சியையும் விடக் கூடாது. ஆகவே இப்போதைக்குக் கையும் கடப்பாரையும் பொக்லைனும்தான் வழி.

எப்படி அகற்றுவது?

2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தமிழகமெங்கும் சீமைக் கருவேல் அகற்றும் வேலை வேகமெடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், நிபுணர் கருத்து வேண்டும் என்று சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு அதை நிறுத்திவைத்தது. அப்போது எழுந்த கேள்விகள் இன்றும் பொருந்தும். எங்கே தொடங்குவது, எப்படி எடுப்பது, எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று முடிவு செய்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வெட்டப் பணமும் ஆளும் போதாது. அடர்ந்த தோப்பை முதலில் தொடுவதைவிட, புதிதாக முளைத்த சிதறல்களை முதலில் பிடுங்குவது மலிவு. பரவலை நிறுத்துவதும் அதுவே. ஆற்றில் மேலிருந்து கீழாக வர வேண்டும். வசிஷ்ட நதியில் பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்து மரங்களை விட்டுவிட்டு ஆத்தூரில் சுத்தம் செய்தால், அடுத்த வெள்ளத்தில் விதை வந்து சேரும்.

காய் முற்றும் முன் எடுப்பது நல்லது. இளங்கன்றை மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். பெரிய மரத்தை உறங்கும் மொட்டுகளுக்குக் கீழே, ஒரு முழம் ஆழமாவது தோண்டி வெட்ட வேண்டும். நாட்டுக் கருவேலைத் தவறுதலாகச் சாய்த்துவிடக் கூடாது. அதன் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலின் பூ வால்போல் நீண்டு தொங்கும். காய் வெளிர்மஞ்சள் நிறத்தில் சப்பையாக இருக்கும்.

கல்வராயன், சேர்வராயன் மலைகளில் பரவியுள்ள இன்னொரு ஆக்கிரமிப்புச் செடியான உண்ணிச்செடிக்கு வேறு முறை. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழு வகுத்த முறைப்படி, மண்ணுக்குச் சற்றுக் கீழே அடிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மண்ணை அதிகம் கிளறாததால், அதில் கிடக்கும் விதைகள் முளைப்பது குறைகிறது.

வெட்டிய பிறகுதான் வேலை

பொக்லைன் மண்ணைப் புரட்டும்போது புதைந்திருந்த விதைகள் மேலே வருகின்றன. முதல் மழையில் ஆயிரக்கணக்கான கன்றுகள் முளைக்கும். அந்த நேரத்தில் ஒரு சுற்றுப் பிடுங்கினால் மிச்ச வேலை குறையும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளிலேயே பழைய காடு திரும்பும். வெற்று மண்ணையும் விட்டுவைக்கக் கூடாது. கரையில் புங்கன், நாவல், நீர்மருது, ஏரி உள்வாயில் நாட்டுக் கருவேல் என்று வளர்த்தால் அந்த நிழலே புதுக் கன்றை ஒடுக்கும். சீமைக் கருவேல் நிழலில் தழைப்பதில்லை.

விறகும் கரியுமாக இம்மரத்தை நம்பிப் பிழைப்பவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அகற்றும் வேலையை அவர்களுக்கே கூலியோடு கொடுத்தால் மரமும் போகும், பிழைப்பும் நிற்கும். தென் ஆப்பிரிக்கா 1995 முதல் ஏழைத் தொழிலாளர்களைக் கொண்டே அயல் மரங்களை அகற்றிவருகிறது. இங்கும் முதுமலையில் பரவிய அயல் கொன்றை மரத்தைக் காகிதக் கூழுக்காகப் புகளூர் காகித ஆலைக்கு அனுப்ப ஏற்பாடு ஆகியிருக்கிறது. ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்துத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்ட கொள்கையும் அகற்றுவதோடு நிற்காமல், இயற்கைக் காட்டை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது.

மரவள்ளிக் காட்டுக்கு உடையவர் உண்டு. புறம்போக்கில் ஒப்பந்தம் முடிந்ததும் ஆள் போய்விடுகிறார். அந்தக் காவலை ஊர்தான் ஏற்க வேண்டும். அடுத்த கிராம சபையில் ஏரியைச் சுத்தம் செய்யத் தீர்மானம் வந்தால், மூன்று ஆண்டுகளுக்குக் கன்று பிடுங்கும் செலவும், நாட்டு மரம் நடும் செலவும், பொறுப்பாளர் பெயரும் அதே தீர்மானத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால், சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.